பள்ளக்கழனி டீச்சரின் ஜன்னல் துணி

“…அதனால அந்தத் துணியை வெட்டாம அப்படியே மடிச்சுக் குடுத்துடுங்கக்கா. ஸ்க்ரீன் வேணாம். வீட்டையே குடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

ஹெலன் டீச்சர் இப்படிச் சொல்லி முடித்தபோது என் உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகள் இருந்தன. உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுதான். வாய் காலியாக இருந்திருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தொலைத்திருப்பேன். ஆறுதல் கேட்க வந்தவர் மாதிரி அவர் நிற்கவில்லை.

ஐப்பசி மாதத்து மதியம். கடை வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயில் மழை பொரிந்துகொண்டிருந்தது. டீச்சரின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. மழையில் நனைந்த ஈரமில்லை அது, வீட்டுக்குள்ளிருந்து நடந்து வந்த ஈரம். எங்கள் காலனியில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் கிடையாது.

துணி இளம்பச்சை. ஓரத்தில் பொடி வெள்ளைப் பூ. கோடையில் தாம்பரம் மார்க்கெட்டில் ரொம்ப நேரம் தேடி எடுத்தது என்று சொல்லியிருந்தார். கோடையில் எங்கள் தெருவைப் பார்க்கிற யாருக்கும் ஜன்னலுக்குப் புதுத் திரை போடலாம் என்றுதான் தோன்றும். அவ்வளவு காய்ந்து, அவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கும்.

மேசை மேல் விரித்து வைத்திருந்தேன். சுண்ணக்கட்டியால் கோடுகூடப் போட்டாயிற்று. டீச்சர் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு கோட்டின் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துத் தள்ளி வைக்கப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

என் கடையில் எதை வேண்டுமானாலும் தொடலாம், கத்தரிக்கோலைத் தவிர. ஒரு தடவை ஒரு வாடிக்கையாளர் அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டினார். அதன் பிறகு ஒரு மாதம் அது துணியை வெட்டவில்லை, மென்றது. அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டேன். காலனி முழுக்கத் தெரிந்த சட்டம் அது. வீட்டை விற்கிற துக்கத்திலும் டீச்சர் அதை மறக்கவில்லை.

ஊசிகளை எடுத்துப் பஞ்சுப் பொட்டணத்தில் குத்திவிட்டு, “என்ன டீச்சர், இவ்ளோ சீக்கிரம்?” என்றேன்.

“சீக்கிரமாக்கா? ஃப்ரிட்ஜு செங்கல் மேல நிக்குது. கட்டில் செங்கல் மேல நிக்குது. ஆர்மோனியம் செங்கல் மேல நிக்குது. நான் மட்டும்தான் தரையில நிக்கிறேன்.”

கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வரச் சொல்லி வருஷக்கணக்கில் கூப்பிடுகிறான். மழை விட்டதும் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் புரோக்கர் சொல்லியிருக்கிறார். தண்ணீர் வடிந்து, சுவர் காய்ந்து, வெள்ளையடித்துவிட்டால் வாங்குகிறவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தண்ணீர் வருவதைச் சொல்லித்தான் விற்பேன், கணக்கு டீச்சராக இருந்துவிட்டுத் தப்புக் கணக்குக் காட்ட முடியாது என்றும் சொன்னார். சொல்லி விற்றால் யார் வாங்குவார்கள் என்று நான் கேட்கவில்லை.

துணியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படி இறங்கியவர் திரும்பினார்.

“தண்ணி எங்க போய் முட்டுதுன்னு எனக்குத் தெரியும்கா. உங்களுக்கும் தெரியும். ஆனா அதை நான் சொல்ல முடியாது. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்.”

எனக்குத் தெரியும். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற அம்மன் கோயில் மேடையில்தான் தண்ணீர் போய் முட்டும். அதற்கு மேல் போக வழியில்லாமல் திரும்பி, தெருவிலேயே தாழ்வான வீடான டீச்சர் வீட்டுக்குள் நுழையும். டீச்சரோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அம்மன் கோயிலில் ஒரு செங்கல்லை நகர்த்துங்கள் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? அதைச் சொல்வதைவிட வீட்டை விற்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

தாம்பரத்தில் ஏது கழனி?

மேலே போவதற்கு முன் ஒரு வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பக்கத்துக் கழனிகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, “தாம்பரத்தில் ஏது கழனி? நான் பார்த்ததெல்லாம் பஸ்ஸும் ரயிலும்தான்” என்று கேட்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை. தாம்பரம் என்பது பெரும்பாலானவர்களுக்கு மாறி ஏறுகிற இடம். என் கடைக்கு வந்த ஒரு பெண் சொன்னதுபோல, “இங்க எல்லாரும் எங்கயோ போறதுக்குத்தான் வர்றாங்க.”

ஆனால் நானும் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாதவளாகத்தான் இங்கே வந்தேன். பிறந்தது கேளம்பாக்கம் பக்கம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தண்ணீரைப் பாத்தி கட்டி வெயிலில் போட்டு வற்ற வைக்கிற ஊர் அது. மழை வந்தால் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கிருந்து, தண்ணீரைச் சொட்டு விடாமல் தேக்கி வைக்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இரும்புலியூர் தாண்டி உள்ளே. கல்யாணமான முதல் மழைக்கு மாமனார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இந்த வீட்டில் ஆட்களுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் இந்த மண்ணின் மேடு பள்ளம் புரிந்தது. எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. பூகோளப் புத்தகத்தில் படித்ததைவிட, ரவிக்கை அளவு கொடுக்க வந்தவர்கள் பேசியதில் கற்றதுதான் அதிகம்.

தெற்கே மலைக் கரடு. அங்கே விழுகிற மழை கீழே இறங்கி ஒரு ஏரியில் நிற்கும். அது நிரம்பினால் அடுத்த ஏரிக்கு. அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த தாங்கலுக்கு. தாங்கல் என்றால் சின்ன ஏரி. இப்படி ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் வரவாகப் போய்ப் போய்க் கடைசியில் அடையாற்றில் சேரும். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் படிப்படியாகக் கழனி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல். ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் இந்தச் சரிவின் குறுக்கே இரண்டு வரப்பு மாதிரி வந்து படுத்தன. அப்போதும் தண்ணீர் பாலத்துக்கடியில் புகுந்து தன் வழியில் போய்க்கொண்டுதான் இருந்தது.

அதன் பிறகு மனை போட்டார்கள்.

கழனியை மனையாக்குகிறவர்கள் ஒரு வேலை மட்டும் செய்வார்கள். வரப்பை வெட்டி எறிந்துவிட்டுக் கல் நடுவார்கள். மேட்டை மேடாகவும் பள்ளத்தைப் பள்ளமாகவும் அப்படியே விட்டுவிடுவார்கள். எங்கள் காலனியில் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று பலகை இருக்கிறது. அந்தப் பலகைகளுக்குக் கீழே பழைய கழனிகள் தங்கள் பழைய பேரோடு படுத்திருக்கின்றன. விமானப்படைக்காரர் ஒருவரின் மனைவி, வடக்கேயிருந்து வந்தவர், அரைகுறைத் தமிழில் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “உங்க ஊர்ல மழை மேல இருந்து வர்லே. பக்கத்துத் தெருவுல இருந்து வர்து.” இதைவிடச் சுருக்கமாக எங்கள் பூகோளத்தை யாரும் சொன்னதில்லை.

கன்னியம்மாவின் வரைபடம்

அந்தப் பழைய பேர்களையெல்லாம் வாயில் வைத்திருக்கிறவர் கன்னியம்மா. என் கடைக்கட்டடத்துக்குச் சொந்தக்காரர். காலனி ஆவதற்கு முன் இந்தப் பக்கத்துக் கழனிகளில் பாதி அவர் புகுந்த வீட்டுக்குச் சொந்தம். இப்போது மூன்று மாடி வீடு, கீழே மாவு மிஷின், மேலே குடித்தனக்காரர்கள். ஸ்கூட்டரில் வருவார். கழுத்துச் சங்கிலியையும் ஹெல்மெட்டையும் ஒருபோதும் கழற்றுவதில்லை. கழனி போனதைப் பற்றி அவரிடம் யாராவது வருத்தமாகப் பேச்செடுத்தால் போச்சு.

“அத்த வுடு. சேத்துல நின்னு நின்னு எங்காலு ரெண்டும் கொயகொயன்னு ஆயிட்ச்சி. ஒனக்கு ஆசயா இர்ந்தா நீ போய் நில்லு” என்பார்.

ஆனால் வழி சொல்லும்போது மட்டும் பழைய வரைபடம்தான். முதல் தெரு அவருக்குப் பனையடி. இரண்டாம் தெரு உவர்க்கட்டு. எங்கள் தெரு பள்ளக்கழனி. அதனால் ஹெலன் டீச்சரை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பள்ளக்கழனி டீச்சர். டீச்சருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். புதுசாகக் கட்டிய வீட்டைப் பள்ளம் என்கிறாரே என்று.

அளவெடுத்த அம்மன்

இப்போது அம்மனுக்கு வருகிறேன். நான் சொல்வதைக் குறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அம்மனுக்குப் பாவாடை தைக்கிறவளே நான்தான்.

காலனியில் பத்து வீடுகூட வராத காலத்தில் தெருக்கோடியில் இரண்டு கல் நட்டுக்கொண்டு நின்றன. இடுப்புயரம். பக்கத்தில் பக்கத்தில், அக்கா தங்கை மாதிரி. மேலே காய்ந்துபோன மஞ்சள், எப்போதோ வைத்த குங்குமம். குடிவந்தவர்கள் தஞ்சாவூர், திருநெல்வேலி, சித்தூர் என்று பல திசையிலிருந்து வந்தவர்கள். யாருக்கும் இந்த மண் தெரியாது. மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்தால் என்ன செய்வோம்? செருப்பைக் கழற்றுவோம். செய்தோம்.

முதலில் யாரோ ஒரு விளக்கு வைத்தார்கள். அடுத்த ஆடிக்குக் கூழ் ஊற்றினோம். அப்புறம் மழையில் விளக்கு அணைகிறதென்று ஒரு தகரக் கூரை. அப்புறம் நடுவில் இருந்த சந்தில் தண்ணீரும் சகதியும் சேர்கிறதென்று அதன் அடிப்பாகத்தைச் சிமெண்ட் போட்டு அடைத்தோம். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சபாபதி சார் பெண்ணுக்கு வரன் அமைந்த வருஷம், வேண்டுதலுக்காகத் தன் செலவில் சுற்றிலும் மேடை கட்டி வழவழப்பான டைல்ஸ் பதித்தார். இரும்புக் கதவு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அம்மன் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவளாகிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வருஷமும் டீச்சர் வீட்டுச் செங்கல்லில் ஒரு வரிசை கூடிக்கொண்டே வந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் பாவாடைக்கு அளவெடுத்தபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். இரண்டு கல்லிலும், ஒன்றையொன்று பார்க்கிற பக்கத்தில், மேலிருந்து கீழ் வரை நேர்க்கோடாக ஒரு காடி. உளியால் வெட்டிய பள்ளம். ஒரு பலகை நுழைகிற அகலம். எனக்கு அது வசதியாக இருந்தது. இடுப்பே இல்லாத அம்மனுக்குப் பாவாடை நிற்க வேண்டுமே. நாடாவை அந்தக் காடிக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் நழுவாது. அம்மன் தையல்காரியின் கஷ்டம் தெரிந்தவள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டதோடு சரி.

ஏரி வழிந்த காலை

டீச்சர் துணியை வாங்கிக்கொண்டு போனதிலிருந்து மழை விடவில்லை. விட்டு விட்டுக்கூட இல்லை, ஒரே மூச்சு. தெருவில் போகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். டீச்சர் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் இன்னும் ஏறிவிட்டது. என் வீட்டுக்கு வந்து தங்குங்கள் என்று கூப்பிட்டேன். ஆர்மோனியத்தை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார். அது அவர் கணவர் வாசித்தது.

ஒரு காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. பழைய ஊர்ப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது என்றார்கள். கலங்கல் என்பது கரையின் ஒரு முனையில் கல் வைத்துக் கட்டிய தாழ்ந்த இடம். ஏரி கொள்ளாத தண்ணீர் அதன் மேல் ஏறி வெளியே போகும். பல வருஷமாக எங்கள் ஏரி அந்த அளவுக்கு நிரம்பியதே இல்லை. நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். கலங்கல் வழிந்தால் ஊர்ப் பெண்கள் மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை மேல் கற்பூரம் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குப் பூஜை போடுவார்கள். அதோடு நிற்காது. அங்கிருந்து இறங்கி, ஏரித் தண்ணீர் கழனிக்குப் போகும் வழியெல்லாம் நடந்து, தண்ணீரைத் திறந்து மூடும் ஒவ்வொரு மதகுக் கல்லுக்கும் மஞ்சள் தடவிக்கொண்டே வருவார்கள். கடைசிக் கழனியின் கடைசிக் கல் வரை.

கழனி போய்விட்டது. ஆனால் கால்களுக்கு வழி மறக்கவில்லை. பெண்கள் பனையடி வழியாக வந்தார்கள், அதாவது முதல் தெரு வழியாக. அங்கே கல் இல்லை, ஒரு கார் நின்றது. யாரோ சிரித்துக்கொண்டே கார் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் பொட்டு வைத்தார்கள். உவர்க்கட்டு தாண்டி எங்கள் தெருவுக்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். முன்னால் கன்னியம்மா, கையில் தட்டு, தலையில் ஹெல்மெட்டோடு.

காலனியே வாசலில் நின்று பார்த்தது. டீச்சரும் தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபாபதி சார் கோயில் கதவைத் திறந்துவைத்து, வருகிறவர்களை வரவேற்கிற மாதிரி நின்றார். ஊர்க்காரர்கள் நம் அம்மனைக் கும்பிட வருகிறார்கள் என்று அவருக்குப் பெருமை.

கன்னியம்மா கோயில் முன்னால் வந்து நின்றார். டைல்ஸைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். நான் தைத்த சிவப்புப் பாவாடையைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் அவர் தலையை அன்றுதான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

“இன்னாம்மா இது” என்றார். “எங்க மதவுக்குப் பாவாட கட்டி வெச்சிகீறீங்க.”

பின்னால் வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சபாபதி சாரின் முகம் சிவந்தது. இது அம்மன், காலனி உண்டான நாளிலிருந்து கும்பிடுகிற தெய்வம், வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது என்றார். கன்னியம்மாவுக்கு அதில் ஒரு தகராறும் இல்லை.

“அம்மந்தான் சார். அம்மன் இல்லன்னு யாரு சொன்னா? நாங்களுந்தான் கும்புட வந்துகீறோம். கழனில தண்ணி நிக்கணும்னா இவளுங்க நடுவுல பலக சொருவுவோம். போவணும்னா உருவுவோம். தண்ணிய வுடற அம்மன் சார் இது. நீங்க காலடிய அடச்சி வெச்சிகீறீங்க. அவ எப்பிடி வுடுவா?”

பலகை என்றதும் எனக்கு அந்தக் காடி ஞாபகம் வந்தது. நான் தண்ணீரில் இறங்கிப் போய், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பாவாடை நாடாவை அவிழ்த்தேன். இத்தனை வருஷம் நாடா போன காடியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினேன். இந்தக் கல்லிலும் காடி, எதிர்க் கல்லிலும் காடி, நடுவில் சிமெண்ட். அதற்கு அந்தப் பக்கம் முள்ளும் புதருமாக ஒரு பள்ளம், நேரே அடுத்த தாங்கலுக்கு. நாங்கள் எல்லாரும் அந்தப் புதரைத் தினம் பார்த்திருக்கிறோம். குப்பை கொட்டுகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

“அந்தப் பலக இன்னும் எங்க வூட்ல கீது” என்றார் கன்னியம்மா. “மாவு மிசினுக்குக் கீய முட்டு குட்துகீறோம்.”

சபாபதி சார் சிரிக்கவில்லை. அம்மனை இடம் மாற்றுவதென்றால் சாமானிய காரியமில்லை, பெரியவர்களைக் கேட்க வேண்டும், நாள் பார்க்க வேண்டும், தனக்கு அந்தத் தைரியமில்லை என்றார். அவர் பெண்ணின் வாழ்க்கையே அந்த மேடை மேல் நிற்பதாக அவருக்கு நம்பிக்கை.

“யாரு சார் மாத்தச் சொன்னா? அவ பாட்டுக்கு அங்கியே நிக்கட்டும். காலடிய மட்டும் தொற. இத்த பாக்காம மன போட்டு வித்தது எங்கூட்டு ஆளுங்கதான். பேஜார் பண்ணது நாங்க. ஒங்க மேல இன்னா தப்பு?”

கன்னியம்மா அப்படிச் சொன்னது நல்லதாயிற்று. தப்பு இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போனதில் யாருக்கும் அது கனக்கவில்லை.

சபாபதி சார் தண்ணீர் மேடையில் முட்டித் திரும்பும் வழியைப் பார்த்தார். பிறகு திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

“தண்ணி இங்க முட்டித்தான் உங்க வீட்டுக்குள்ள வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

டீச்சர் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நான் எப்படி சார் சொல்றது?”

மேளக்காரர் கைகளை மேளத்தின் மேல் அமர்த்திக்கொண்டார். சபாபதி சாருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வரும்போது கையில் கடப்பாரை இருந்தது.

காலடி

சபாபதி சார் அம்மன் விளக்கை எடுத்து என்னிடம் கொடுத்தார். கன்னியம்மா இரண்டு கல்லுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். சபாபதி சார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தான் ஆசை ஆசையாகப் பதித்த டைல்ஸில் முதல் அடியைத் தானே போட்டார். மற்றவர்கள் பிறகுதான் கை வைத்தார்கள். ஊர்ப் பெண்களில் இருவர் அந்தப் பக்கம் போய்ப் புதரை அரிவாளால் அறுத்தார்கள்.

சிமெண்ட் கட்டி பெயர்ந்து விழுந்தபோது உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். தெருவில் மிதந்துகொண்டிருந்த ஒரு வேப்பிலைக் கொத்து மெல்லத் திரும்பியது. யோசித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. அப்புறம் கிளம்பியது. இரண்டு கல்லுக்கும் நடுவே, அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில், வளைந்து கொடுத்து நுழைந்து போய்விட்டது. அதன் பின்னாலேயே ஒரு ரப்பர் செருப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம், தெருவின் சேறு, எல்லாம் வரிசையில் போயின.

மேளம் மறுபடி தொடங்கியது. சபாபதி சார் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி, “காலைக் கழுவிக்கிறா” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே. மற்றவர்கள் சொல்லக் கேட்டு நான் சேர்த்து வைத்திருக்கிற வாக்கியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

மத்தியானத்துக்குள் டீச்சர் வீட்டுக் கூடத்தில் தரை தெரிந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் மிச்சம். நானும் இன்னும் இரண்டு பெண்களும் போய்ச் சேற்றைத் தள்ளிக் கழுவிவிட்டோம். பினாயில் வாசனையோடு டீச்சர் எங்களுக்குக் காபி போட்டார். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். கேட்டது. கோயம்புத்தூரையோ புரோக்கரையோ பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகும் மழை வந்தது. இரண்டு நல்ல மழை. டீச்சர் ஒவ்வொரு தடவையும் கேட்டருகே நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போனதை நான் கடையிலிருந்தே கவனித்தேன். முடிவு சரியாக வந்த கணக்கையும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறவர் அவர்.

அம்மன் அதே இடத்தில்தான் இருக்கிறாள். டைல்ஸ் இல்லாமல், காலடியில் தண்ணீர் ஓட. கார்த்திகைக்குப் புதுப் பாவாடை தைத்தபோது நீளத்தைக் குறைத்துவிட்டேன். கரை நனையக் கூடாது, பாருங்கள்.

அந்தப் பாவாடைக்கு நான் பட்டு நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் டீச்சர் கடைக்கு வந்தார். வெயில் அடித்தது. புடவைக் கரை காய்ந்திருந்தது. கையில் அதே பை.

“உங்க வாசல்ல செங்கல் அடுக்கியிருக்கே, வீடு கட்டறீங்களா டீச்சர்?” என்றேன்.

“ஃப்ரிட்ஜுக்கடியில இருந்ததுக்கா. கட்டிலுக்கடியில இருந்தது. எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டேன். யாருக்காவது வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க.”

பையிலிருந்து துணியை எடுத்து மேசை மேல் உதறி விரித்தார். அந்த இளம்பச்சை கடை முழுக்கப் பரவியது. நான் அன்றைக்குப் போட்ட சுண்ணக்கட்டிக் கோடு லேசாக, ஆனால் அழியாமல் இருந்தது. “அளவு அதேதான், ஜன்னல் எங்கயும் போகலை” என்றார்.

நான் வாயில் ஊசியோடு தலையாட்டினேன். டீச்சர் என் கத்தரிக்கோலை எடுத்தார். நான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். துணியின் ஓரத்தை இடது கையால் நீவிச் சமன்செய்துவிட்டு, கோட்டின் மேல் கத்தரியை வைத்து, நிதானமாக அந்தக் கோடி வரை வெட்டினார்.